தாயிருக்க அநாதையாக்கப்படும் பிள்ளைகள்: கிறிஸ்தவ உலகம் கற்றுக்கொண்ட பாடம்

தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26 ஆம் திகதி வெளியிட்ட முடிவு, உலகின் பல நாடுகளில் வாழும் ஒரு தலைமுறையினரின் பிறப்பு ஆவணங்களையே கேள்விக்குள்ளாக்கியது. 11 நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 367 பேர் சமர்ப்பித்த முறைப்பாடுகளை ஆராய்ந்த அவ்வாணைக்குழு, முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு உள்ளானவர்கள் என ஏற்றுக்கொண்டது. பெற்றோர் உயிருடன் இருக்கையிலேயே பிள்ளைகள் அநாதைகள் எனப் பதியப்பட்டமை, ஒரு பிள்ளையின் அடையாளத்தில் வேறொரு பிள்ளை அனுப்பப்பட்டமை, தத்தெடுக்க முன்வந்தோரின் தகைமை உரிய முறையில் ஆராயப்படாமை என்பன அங்கு சுட்டிக்காட்டப்பட்ட குறைபாடுகளுட் சிலவாகும்.

இதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர், 2024 செப்டெம்பரில், உறவினர்கள் தவிர்ந்த வெளிநாட்டவருக்குப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டதாகச் சீனா அறிவித்திருந்தது. 1992 முதல் 160,000 வரையிலான சீனப் பிள்ளைகள் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குச் சென்றுள்ளனர். எத்தியோப்பியா 2018 ஆம் ஆண்டிலேயே வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தடை செய்தது. நெதர்லாந்து 2024 ஆம் ஆண்டில் அதனைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. ஐக்கிய அமெரிக்காவுக்கு 2004 ஆம் ஆண்டில் 22,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெளிநாடுகளிலிருந்து தத்தெடுக்கப்பட்டனர். 2023 ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை 1,300 இற்கும் குறைவாகும்.

இம்மாற்றத்தை அரசாங்கங்களின் சட்ட நடவடிக்கையாக மட்டும் நோக்குவோமாயின் அதன் ஒரு பாதியையே காண்போம். மறுபாதி தேவாலயங்களுக்குள் நிகழ்ந்தது. ஏனெனில் நாடு கடந்த தத்தெடுப்பை ஒரு பேரியக்கமாக வளர்த்தெடுத்ததில் கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் பெரும் பங்குண்டு. கொரியப் போரின் பின்னர், 1955 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹரி ஹொல்ட், பேர்த்தா ஹொல்ட் என்னும் விவசாயத் தம்பதியினர், தமக்கெனக் காங்கிரஸ் நிறைவேற்றிய விசேட சட்டத்தின் துணையுடன் எட்டுக் கொரியப் பிள்ளைகளைத் தத்தெடுத்தனர். இது கடவுள் தமக்கிட்ட பணி என அவர்கள் நம்பினர். அவர்கள் தொடக்கிய அமைப்பும் அதன் வழிவந்த ஏனைய அமைப்புகளும் காலப்போக்கில் ஒரு பெருந்தொழிலாக மாறின. 1985 ஆம் ஆண்டில் மாத்திரம் 8,800 இற்கும் மேற்பட்ட கொரியப் பிள்ளைகள் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். அப்போது கொரியாவில் போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதை நாம் கவனிக்க வேண்டும். அனுப்பப்பட்டவர்களுட் பெரும்பாலானோர் போர் அநாதைகளல்லர். திருமணமாகாத ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளாவர்.

நல்லெண்ணத்தில் தோன்றிய ஒரு பணி இந்நிலைக்கு வந்தது எவ்வாறு? அதிலிருந்து கிறிஸ்தவ உலகம் கற்றுக்கொண்டது யாது? சிறுவர் இல்லங்களைச் சமய நிறுவனங்களே பெரிதும் நடத்திவரும் எமது நாட்டில் இவ்வினாக்கள் எமக்கும் உரியவை.

வேதம் தந்த உந்துதல்

கிறிஸ்தவர்கள் தத்தெடுப்பைப் பற்றிப் பேசும்போது இரண்டு ஊற்றுக்களிலிருந்து பேசுகின்றனர். முதலாவது, பவுல் அடிகளாரின் நிருபங்களாகும். மனிதர் கடவுளின் குடும்பத்திற் சேர்க்கப்படுவதை அவர் தத்தெடுப்பு என்ற சட்டச் சொல்லாலேயே விளக்குகின்றார். தமிழ் வேதாகமத்தில் இது 'புத்திர சுவிகாரம்' என மொழிபெயர்க்கப்பட்டுள்ளதை எமது கிறிஸ்தவ வாசகர்கள் அறிவர். கடவுளாலே பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன், தானும் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்வது இயல்பு என்பது இதிலிருந்து பெறப்படும் வாதமாகும். இரண்டாவது, யாக்கோபின் நிருபமாகும். துன்பத்திலிருக்கும் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் கவனிப்பதே மாசற்ற பக்தியின் அடையாளம் என்ற கருத்து அங்கு கூறப்படுகிறது.

இந்நம்பிக்கை வெறும் பேச்சாக இருக்கவில்லை என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளும். வேண்டாத சிசுக்களைத் தெருவோரத்தில் விட்டுச் செல்லும் வழக்கம் நிலவிய உரோமப் பேரரசில், அவ்வழக்கத்தை ஆதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோர்ஜ் முல்லர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836 ஆம் ஆண்டு தொடக்கிய இல்லங்களில், 1898 இல் அவர் மறையும் வரையில் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் உணவும் கல்வியும் பெற்றனர். எவரிடமும் கைநீட்டிப் பணம் கேட்பதில்லை என்ற விரதத்துடன் அவர் இப்பணியைச் செய்தார். அக்காலத்தில் அநாதைப் பிள்ளைக்கு எதிரே இருந்தவை தெருவும் வறியோர் விடுதியுமே என்பதை எண்ணிப் பார்க்கும்போது இப்பணியின் பெறுமதி புரியும்.

மீட்பு என்ற பெயரிற் பிரிவு

ஆயினும் அதே நூற்றாண்டிலேயே மற்றொரு போக்கும் தலையெடுத்தது. ஏழைப் பிள்ளையை வறுமையிலிருந்து மீட்பதாயின், அப்பிள்ளையை அதன் வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் அகற்றிவிட வேண்டும் என்பதே அப்போக்காகும். நியூயோர்க் நகரின் குருவானவர் சார்ள்ஸ் லோரிங் பிறேஸ் 1853 ஆம் ஆண்டில் நிறுவிய சிறுவர் உதவிச் சங்கம், நகரத்து ஏழைப் பிள்ளைகளைப் புகையிரதங்களில் ஏற்றி மேற்குப் பகுதி விவசாயக் குடும்பங்களுக்கு அனுப்பியது. 1854 முதல் 1929 வரை இவ்வாறு அனுப்பப்பட்டவர்கள் சுமார் இரண்டு இலட்சம் பேராவர். 'அநாதைப் புகையிரதங்கள்' என்பது அவற்றின் பெயர். எனினும் அவற்றிற் சென்றவர்களில் ஏராளமானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர்.

பிரித்தானியாவிலும் இதுவே நிகழ்ந்தது. டாக்டர் பர்னாடோவின் இல்லங்கள் உட்படப் பல கிறிஸ்தவ அமைப்புகள் ஓர் இலட்சத்திற்கும் அதிகமான பிள்ளைகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றின. அவுஸ்திரேலியாவுக்கும் பலர் அனுப்பப்பட்டனர். பண்ணைகளில் உழைக்க விடப்பட்ட அப்பிள்ளைகள் பலருக்கு, பெற்றோர் இறந்துவிட்டதாகப் பொய் கூறப்பட்டிருந்தது. 2009 நவம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010 பெப்ரவரியில் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுனும் இதற்காகத் தத்தம் அரசுகளின் சார்பில் மன்னிப்புக் கோரினர்.

அயர்லாந்தின் அனுபவம் இதனினும் கொடியது. திருமணமாகாத தாய்மாருக்கென, பெரும்பாலும் துறவற சபைகளால் நடத்தப்பட்ட இல்லங்கள் உட்பட 18 நிறுவனங்களை ஆராய்ந்த விசாரணை ஆணைக்குழு, 2021 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. அந்நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 பிள்ளைகள் மரணமடைந்திருந்தனர். பிழைத்தவர்களில் பலர் தத்துக் கொடுக்கப்பட்டனர். தாயைப் பாவியெனக் கண்ட சமூகம், பிள்ளையை அவளிடமிருந்து பிரிப்பதை இரக்கமெனக் கண்டது.

இவ்வனுபவங்கள் அனைத்திலும் பொதுவான ஒரு கூறு உண்டு. எங்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தது, தாய் தெரியவில்லை. தெரிந்தவிடத்தும், பிள்ளைக்கு நேர்ந்த கேடாகவே அவள் தெரிந்தாள். உதவி தேவைப்படும் இன்னொரு மனிதப் பிறவியாக அவளை எவரும் நோக்கவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் எழுச்சி

இந்த வரலாற்றுச் சுமையுடனேயே அமெரிக்கச் சுவிசேஷ சபைகளின் தத்தெடுப்பு இயக்கம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 2004 ஆம் ஆண்டில் அநாதைகளுக்கான கிறிஸ்தவக் கூட்டமைப்பு தோற்றம் பெற்றது. 2009 ஆம் ஆண்டில் அந்நாட்டின் மிகப் பெரிய புரொட்டஸ்தாந்து சபையான தென் பாப்டிஸ்ட் சபை, தத்தெடுப்பை ஊக்குவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ரஷ்யாவிலிருந்து இரண்டு ஆண்பிள்ளைகளைத் தத்தெடுத்திருந்த இறையியலாளர் ரஸல் மூர் அதே ஆண்டில் வெளியிட்ட நூல், இவ்வியக்கத்தின் கைந்நூலாக மாறியது. நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அநாதைகளுக்கென ஒதுக்கும் வழக்கமும் சபைகளிற் பரவியது.

இவ்வியக்கத்தின் மேடைகளில் அடிக்கடி ஒலித்த ஓர் எண், உலகில் பதினான்கு கோடிக்கும் அதிகமான அநாதைகள் உள்ளனர் என்பதாகும். யூனிசெப் நிறுவனத்தின் மதிப்பீட்டிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணே அது. ஆனால் தாய் தந்தையரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் யூனிசெப் அநாதையெனவே கணக்கிடுகின்றது. 2015 ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 14 கோடிப் பிள்ளைகள் இவ்வகையினர். அவர்களில் இருவரையும் இழந்தவர்கள் சுமார் ஒரு கோடியே 51 இலட்சம் பேரேயாவர். அவர்களிலும் பெரும்பாலானோர் பாட்டி, மாமன், சிற்றன்னை எனப் பிற உறவினருடன் வாழ்பவர்கள். பத்தில் ஒன்பது பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவர் உயிருடன் இருக்க, அனைவரும் வீடு தேடிக் காத்திருப்பவர்கள் போன்ற எண்ணம் விதைக்கப்பட்டது.

கேட்போர் இருக்குமிடத்தில் கொடுப்போரும் தோன்றுவர். ஒரு வெளிநாட்டுத் தத்தெடுப்புக்குப் பல பத்தாயிரம் டொலர் செலவிடப்படும்போது, வறிய நாடொன்றின் இடைத்தரகருக்கு அது பெருஞ்செல்வமாகும். 2010 ஜனவரியில் ஹெயிட்டியை உலுக்கிய பூமியதிர்ச்சியின் பின்னர், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் குழுவினர் பத்துப் பேர், உரிய ஆவணங்களின்றி 33 பிள்ளைகளை டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டு செல்ல முயன்று எல்லையிற் கைதாகினர். அநாதைகளை மீட்கவே வந்ததாக அவர்கள் கூறினர். விசாரித்தபோது, அப்பிள்ளைகளிற் பெரும்பாலானோருக்குப் பெற்றோர் இருந்தமை தெரியவந்தது. கல்வியும் நல்வாழ்வும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அப்பெற்றோர் தம் பிள்ளைகளைக் கையளித்திருந்தனர்.

சமயம் சார்ந்த மற்றொரு சர்ச்சையையும் எமது முஸ்லிம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், வேர்ஜீனியா மாநிலத்தைத் தளமாகக் கொண்ட ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு, இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளைகள் 300 பேரை ஜகார்த்தாவில் கிறிஸ்தவ இல்லமொன்றில் வளர்க்கத் திட்டமிட்டது. செய்தி வெளியானதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்தோனேசிய அரசாங்கம் அனுமதி மறுத்தது. திட்டம் கைவிடப்பட்டது. பேரழிவில் வீட்டையும் உறவையும் இழந்த பிள்ளையிடமிருந்து அதன் சமயத்தையும் எடுத்துக்கொள்வது உதவியாகாது என்ற கருத்து அன்று கிறிஸ்தவர்கள் பலராலும் வலியுறுத்தப்பட்டது.

ஒரு சொல்லின் பொருள்

இவ்வியக்கத்தின் மீதான மிக ஆழமான விமர்சனம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்தே வந்தது. அலபாமா மாநிலத்தின் சம்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டேவிட் ஸ்மோலின் ஒரு சுவிசேஷக் கிறிஸ்தவர். அவரும் மனைவியும் 1998 ஆம் ஆண்டில் இந்தியாவின் ஆந்திர மாநிலத்திலிருந்து இரு சகோதரிகளைத் தத்தெடுத்தனர். அப்பிள்ளைகள் தாயின் சம்மதமின்றி அவளிடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. அதன் பின்னர் அவர் தம் ஆய்வு வாழ்வையே இப்பிரச்சினைக்கு அர்ப்பணித்தார். கறுப்புப் பணம் வங்கிகளின் ஊடாக வெள்ளையாக்கப்படுவது போன்று, கடத்தப்பட்ட அல்லது விலைக்கு வாங்கப்பட்ட பிள்ளைகள் முறையான ஆவணங்களின் ஊடாகச் 'சட்டபூர்வ அநாதைகள்' ஆக்கப்படுவதை அவர் விளக்கினார்.

2012 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையொன்று இப்பிரச்சினையின் இறையியல் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கியது. எபிரேய வேதத்தில் வரும் 'யாத்தோம்' என்ற சொல் பெரும்பாலும் தந்தையற்ற பிள்ளையையே குறிக்கின்றது. அப்பிள்ளையுடன் அதன் தாயான விதவையும் சேர்த்தே பேசப்படுகின்றாள். எனவே வேதம் கட்டளையிடுவது தாயையும் பிள்ளையையும் ஒரே குடும்பமாகத் தாங்குவதையே அன்றி, தாயிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொள்வதை அன்று என்பது அவரது வாதத்தின் சாரமாகும். பவுல் அடிகளாரின் புத்திர சுவிகாரமும், வாரிசு வேண்டி வளர்ந்த ஆண்மக்களை ஏற்றுக்கொண்ட உரோமச் சட்ட வழக்கத்திலிருந்து பெறப்பட்ட உருவகமே. ஏழையின் குழந்தையைச் செல்வந்தன் எடுத்துக்கொள்வதற்கு அதனை ஆதாரமாகக் காட்டலாகாது என்பது அவ்வாதத்தின் மற்றொரு பக்கமாகும்.

இவ்விடத்தில் எமது வாசகர்களுக்கு ஓர் உண்மை உடனே புலப்படும். எபிரேயத்தின் 'யாத்தோம்' என்ற சொல்லும் அரபு மொழியின் 'யதீம்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து தோன்றியவை. இஸ்லாமிய சட்டத்திலும் யதீம் எனப்படுவது பருவமடையுமுன் தந்தையை இழந்த பிள்ளையே ஆகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்தையைக் காணாதவராகவே பிறந்து, தாயின் மறைவுக்குப் பின்னர் பாட்டனாரிடமும் பின்பு பெரிய தந்தையாரான அபூதாலிபிடமும் வளர்ந்தவர்கள். உறவினர் பராமரிப்பின் உயர்ந்த முன்மாதிரி அது. பிள்ளையை அன்புடன் வளர்க்கலாம், ஆனால் அதன் சொந்தத் தந்தையின் பெயரை மாற்றலாகாது என்ற இஸ்லாமியக் கோட்பாடும், பிள்ளைக்குத் தன் பூர்வீகத்தை அறியும் உரிமை உண்டு என இன்று உலகம் பேசுவதும் வெகு தூரத்தில் இல்லை. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் தன் 20 ஆம் உறுப்புரையில், வளர்ப்புப் பராமரிப்பு, தத்தெடுப்பு என்பவற்றுடன் இஸ்லாமியரின் 'கஃபாலா' முறையையும் பெயர் குறிப்பிட்டு ஏற்றுக்கொண்டுள்ளது. பிள்ளையின் இன, சமய, கலாசார, மொழிப் பின்னணியின் தொடர்ச்சியைக் கவனத்திற் கொள்ள வேண்டும் எனவும் அவ்வுறுப்புரை பணிக்கின்றது.

மோசேயின் கதை இரு சமயத்தவருக்கும் பொதுவானது. பார்வோனின் மாளிகையில் வளர்ந்த அக்குழந்தைக்குப் பாலூட்டும் செவிலியாக அமர்த்தப்பட்டவள், அதனைப் பெற்ற தாயே என இரு மறைகளும் கூறுகின்றன. பிள்ளை மாற்றார் மனையில் வளர நேர்ந்தபோதும் தாயின் மடி அதற்கு மறுக்கப்படவில்லை. தத்தெடுப்புக்கு ஆதாரமாக இக்கதையைக் காட்டுவோர் இப்பகுதியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

திருத்தப்பட்ட பாதை

விமர்சனம் வீண்போகவில்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய கிறிஸ்தவத் தத்தெடுப்பு நிறுவனங்களுள் ஒன்றான பெத்தனி கிறிஸ்தவ சேவைகள், வெளிநாட்டுத் தத்தெடுப்பைக் கைவிடப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. பிள்ளைகள் தத்தம் நாடுகளிலேயே, இயன்றவரை தத்தம் குடும்பங்களிலேயே வளர உதவுவது தன் புதிய பணியாகும் என அது தெரிவித்தது. பல தசாப்தங்களாகத் தான் செய்துவந்த பணியை ஒரு சமய நிறுவனம் இவ்வாறு மறுபரிசீலனை செய்வது அரிய நிகழ்வாகும்.

சிக்காகோ நகரில் 2003 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'பாதுகாப்பான குடும்பங்கள்' என்னும் திட்டம் இதே திசையில் முன்னரே நடைபோட்டது. நோயினாலோ வேலையிழப்பினாலோ வீடிழப்பினாலோ தத்தளிக்கும் தாயொருத்தியின் பிள்ளைகளை, சபையைச் சேர்ந்த குடும்பமொன்று சில நாட்களோ சில மாதங்களோ தன் வீட்டில் வைத்துப் பராமரிக்கும். சட்டபூர்வ உரிமை தாயிடமே இருக்கும். அவள் நிமிர்ந்ததும் பிள்ளைகள் வீடு திரும்புவர். எமது கிராமங்களில் அயலவர் காலங்காலமாகச் செய்துவந்ததையே இத்திட்டம் நகரத்திற்கேற்ப ஒழுங்கமைத்தது எனலாம்.

இதனால் தத்தெடுப்பே கூடாது என்பதோ, தத்தெடுத்தோரின் அன்பு போலியானது என்பதோ எமது கருத்தன்று. எந்த உறவும் இல்லாத பிள்ளைகளும், பெற்ற வீட்டிலேயே வதைக்கப்படும் பிள்ளைகளும், ஊனமுற்றமையால் கைவிடப்பட்ட பிள்ளைகளும் இருக்கவே செய்கின்றனர். அமெரிக்காவில் மாத்திரம் 2023 ஆம் ஆண்டில் அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் 340,000 இற்கும் அதிகமான பிள்ளைகள் இருந்தனர். டெக்சாஸ் மாநிலத்தின் போஸம் ட்ரொட் என்ற சிறிய கிராமத்தில், கறுப்பினத்தவரின் எளிய தேவாலயமொன்றைச் சேர்ந்த 22 குடும்பங்கள், எவரும் ஏற்க முன்வராத 77 பிள்ளைகளைத் தம் மாநிலத்திலிருந்தே தத்தெடுத்தன. அவர்கள் செல்வந்தர்களல்லர். வயது கூடிய, கொடுமைக்குள்ளான பிள்ளைகளையே அவர்கள் ஏற்றனர். அவர்களது கதை 2024 ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

அத்தகைய பிள்ளைகளை வளர்ப்பது எளிதன்று என்பதையும் கிறிஸ்தவ வட்டாரங்கள் காலந்தாழ்த்தியே உணர்ந்தன. அன்பும் செபமும் ஒழுக்கக் கட்டுப்பாடும் போதுமென எண்ணி இறங்கிய குடும்பங்கள் பல உடைந்து போயின. டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கேரின் பேர்விஸ், இப்பிள்ளைகளின் மூர்க்கத்திற்குப் பின்னால் இருப்பது கீழ்ப்படியாமை அன்று, அச்சமே எனப் பெற்றோருக்குக் கற்பித்தார். பசியையும் அடியையும் கண்டு வளர்ந்த பிள்ளை, தட்டில் உணவிருக்கையிலேயே தலையணைக்கடியில் பாணை ஒளித்து வைக்கும். அதனைத் திருட்டெனத் தண்டித்தால் அச்சம் வளரும்; உணவு என்றும் கிடைக்கும் என உறுதியளித்தால் நம்பிக்கை வளரும். பிரம்பைப் பெற்றோரின் கடமையெனக் கருதிய சபைகளுக்கு இது பெரும் மாற்றமாக அமைந்தது.

இல்லங்களை விடக் குடும்பமே சிறந்தது என்பதற்கு விஞ்ஞானச் சான்றும் உண்டு. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆய்வில், பராமரிப்பு நிலையங்களிலிருந்த 136 சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு சென்றவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்னர் சென்றவர்கள், நிலையத்திலேயே தங்கியவர்களை விட அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறினர்.

எம் நாட்டுக்கு உரைப்பது யாது?

இவை தொலைதூரத்துச் செய்திகளல்ல. 1970 களிலும் 1980 களிலும் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். 2017 ஆம் ஆண்டில் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, போலித் தாய்மார் நீதிமன்றில் நிறுத்தப்பட்டதையும் ஆவணங்கள் புனையப்பட்டதையும் அம்பலப்படுத்தியது. 2020 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அரசாங்கம் இலங்கைத் தத்தெடுப்புகளில் நடந்த முறைகேடுகளை ஒப்புக்கொண்டு கவலை தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் வெளியான நெதர்லாந்து விசாரணைக் குழு அறிக்கை, இலங்கை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த பாரிய முறைகேடுகளை உறுதிப்படுத்தியது. அக்குழந்தைகள் இன்று நடுத்தர வயதினர். பெற்ற தாயைத் தேடி வரும் அவர்களிற் பலரது கையிலிருக்கும் பெயரும் முகவரியும் பொய்யானவை.

இக்கசப்பிலிருந்து எமது நாடு சிலவற்றைக் கற்றுக்கொண்டது என்பதையும் நாம் பதிவு செய்ய வேண்டும். 1941 ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் 1992 இல் திருத்தப்பட்டு வெளிநாட்டுத் தத்தெடுப்பு இறுக்கமாக்கப்பட்டது. தத்தெடுப்பு தொடர்பான 1993 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை முதலில் ஏற்று உறுதிப்படுத்திய மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்றாகும். ஆழிப்பேரலையின் பின்னர் கல்முனையில் '81 ஆம் இலக்கக் குழந்தை' எனப் பெயர் பெற்ற சிசுவை, மரபணுப் பரிசோதனை முடியும் வரை காத்திருந்து, 2005 பெப்ரவரியில் உண்மையான பெற்றோரிடமே நீதிமன்றம் ஒப்படைத்தது. அவ்வாண்டின் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம், பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கென வளர்ப்புப் பராமரிப்பு முறையொன்றை வகுத்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளிற் பெரும்பாலானோரை உறவினர்களே அரவணைத்துக் கொண்டனர்.

எனினும் எமது சிறுவர் இல்லங்களை நோக்கும்போது மனம் கனக்கின்றது. அங்கு வாழும் பிள்ளைகளிற் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிருடன் உள்ளனர். வறுமை, போரில் தந்தையை இழந்தமை, தாய் மத்திய கிழக்குக்குச் சென்றமை, மறுமணம், அருகில் நல்ல பாடசாலை இன்மை என்பனவே அவர்களை அங்கு கொண்டுசென்ற காரணங்களாகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, உணவளிக்க வழியின்றிப் பிள்ளைகளை இல்லங்களில் ஒப்படைக்க முன்வந்த பெற்றோரைப் பற்றிய செய்திகளை நாம் கண்டோம். கிறிஸ்தவ சபைகளும் சைவ நிறுவனங்களும் முஸ்லிம் அமைப்புகளும் பௌத்த விகாரைகளும் இவ்வில்லங்களை நடத்துகின்றன. அவற்றின் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. போர்க்காலத்தில் அவ்வில்லங்கள் இல்லாதிருப்பின் எத்தனையோ பிள்ளைகள் அழிந்திருப்பர். ஆயினும் போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தத்திற்கும் மேலாகிவிட்டது. கொரியாவிடம் கேட்கப்பட்ட அதே வினா எம்மிடமும் கேட்கப்படக்கூடும்.

புலம்பெயர்ந்த எமது உறவுகள், பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் இல்லங்களுக்கு உணவும் பணமும் அனுப்புகின்றனர். கட்டடம் கட்டித் தருவோரும் உளர். அந்நிதியில் ஒரு பகுதி, பிள்ளையைப் பிரிந்து வாழும் தாயின் வாடகைக்கும், அவளது சிறு தொழிலுக்கும், பிள்ளையின் பாடசாலைப் பயணத்திற்கும் செல்லுமாயின், அப்பிள்ளை தன் வீட்டிலேயே உறங்கும். இல்லங்களும் மூடப்பட வேண்டியதில்லை. மாலை நேரக் கல்வியும் மதிய உணவும் தரும் பகற்பராமரிப்பு நிலையங்களாக அவை மாறலாம். உண்மையிலேயே உறவற்ற பிள்ளைகளுக்கு, அவர்களது மொழியையும் சமயத்தையும் பகிரும் வளர்ப்புக் குடும்பங்களைக் கண்டறிந்து பயிற்றுவிக்கும் பொறுப்பையும் அவை ஏற்கலாம். மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களங்களுக்குப் போதிய உத்தியோகத்தர்களும் நிதியும் வழங்கப்படாமல் இவை எதுவும் நடவாது என்பதையும் அரசாங்கம் உணர வேண்டும்.

யாக்கோபின் நிருபத்தில் திக்கற்ற பிள்ளையும் விதவையும் அருகருகே வைக்கப்பட்டுள்ளனர். கிறிஸ்தவ உலகின் ஒரு பெரும் பகுதி நூற்றைம்பது ஆண்டுகளாக முன்னவரைக் கண்டு பின்னவரைக் காணாது விட்டது. அதன் விலையைப் பிள்ளைகளும் தாய்மாரும் செலுத்தினர். இன்று அச்சபைகளிற் பல தம் வாசிப்பைத் திருத்திக் கொள்கின்றன. எமது இல்லங்களின் வாசலில் ஒரு பிள்ளை கொண்டுவரப்படும்போது, அதன் பெயரைப் பதிவேட்டில் எழுதுமுன் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்றுண்டு. இப்பிள்ளையின் தாய் எங்கே, அவளுக்கு என்ன தேவை என்பதே அது. அவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு கிறிஸ்தவர், இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர் என்ற வேறுபாடின்றி எம் அனைவருக்கும் உரியதாகும்.